பெயர் சொன்னால் திரும்புகிறானா

அத்தியாயம் 9

ஈயத்தில் நாய் முகம் தெரிந்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. குழந்தையின் தாய் பெர்மெத்துக்கு மட்டும் வரவில்லை.

போன வாரம் மாமியார் சூசார் கூட்டிவந்த பெண், குழந்தையின் தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்லி, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றினாள். இறுகிய கட்டியில் இரண்டு காதும் ஒரு மூஞ்சியும் இருந்தன. "நாயைப் பாத்துப் பயந்திருக்கான். பயம் இறங்கிருச்சு. இனிமே பேசிருவான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனாள். வீட்டில் இருக்கும் ஒரே நாய்க்குப் பதினான்கு வயது. ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சங்கிலியில் கிடக்கிறது. குரைப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பையனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். பதினைந்தாவது மாதத்தில் குதிரையைப் பார்த்து 'அத்' என்றான். ரொட்டியைப் பார்த்து 'நான்' என்றான். அந்தக் கோடை முடிவதற்குள் இரண்டு சொல்லும் போய்விட்டன. எந்த நாளில் போயின என்று பெர்மெத்துக்குத் தெரியாது. கடைசியாகச் சொல்லும்போது அது கடைசி என்று யாருக்குத் தெரிகிறது.

கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. அதற்கும் வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது. ஈயத்தைவிட உறுதியான விளக்கம்.

அவன் பெயர் எஸென்குல். மாமனார் மெதெருடைய தகப்பனாரின் பெயர். பெரியவர் இறந்த தேதியிலேயே பேரன் பிறந்ததால் மெதெரே அதை வைத்தார். புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆகவே பெர்மெத் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்தப் பெரியவர் சூசாருக்கு மாமனார் என்பதால் அவளும் கூப்பிட முடியாது. மெதெருக்கோ, சறுக்கி விழுகிற சின்னப் பையனைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லி அதட்ட மனம் வரவில்லை. எஸென் என்றால் நலம். அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் தெருவில் யாரையும் அந்தச் சொல்லால் நலம் விசாரித்ததில்லை.

ஆக, பெர்மெத்துக்கு அவன் 'போதோம்', என் ஒட்டகக்குட்டி. சூசாருக்கு 'அதாகே', சின்ன அப்பா. மெதெருக்கு 'ஏய் கிழவா'. சைபீரியாவில், நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலை பார்க்கும் அவன் அப்பா உலான், தொலைபேசியில் 'பாதிர்' என்பான். வீரன்.

"நாலு பேரு இருக்கு. எதுக்குன்னு திரும்புவான்?" என்பது வீட்டின் தீர்ப்பு.

பெர்மெத் யாருக்கும் தெரியாமல் கைபேசியில் குழந்தை வளர்ச்சி பற்றிய ஒரு கேள்விப் பட்டியலைப் படித்திருந்தாள். எல்லோரும் கொட்டகையில் இருந்த ஒரு மதியம் தனியாக உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்பதுக்கு இல்லை என்று வந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் மாவட்ட மருத்துவமனைக்கு வருகிறார், வியாழக்கிழமை ஒரே ஒரு நாள் என்று கேள்விப்பட்டதும் அவரைப் பார்க்க வரிசை எண் வாங்கிவிட்டாள். வீட்டில் தடுப்பூசி என்று சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் குழந்தைக்கு மேலாடை மாட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சூசார் தலைத்துணி கட்டி, பூட்ஸ் போட்டு, வாசலில் தயாராக நின்றாள்.

"நீங்க எங்க, அபா? பள்ளிக்கூடத்துல சமையல் இருக்கே?" என்றாள் பெர்மெத். மாமியார் அவளுக்கு 'அபா', அம்மா; மாமனார் 'அதா', அப்பா.

"இன்னைக்கு வேற ஆளு பாத்துக்கும். ஊசி குத்தினா இவன் ஊரையே கூட்டுவான். ஒத்தையா நீ எப்படிப் புடிப்பே?"

மெதெர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கால்நடை மருத்துவர். மார்ச் மாதம், ஆடுகள் குட்டி போடும் காலம். சட்டைக் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது.

"என்ன ஊசி?"

"ரெண்டு வயசு ஊசி, அதா."

"ரெண்டு வயசுக்கு எது ஊசி?" என்று யோசித்தார். "நான் ஆட்டுக்குப் போடறதைவிட இவங்க பிள்ளைகளுக்கு அதிகமாப் போடறாங்க."

உள்ளே ஓர் ஆடு முனகியது. திரும்பிப் போய்விட்டார். பிறந்த குட்டி தாயின் குரலுக்குத் தலை தூக்கவில்லையென்றால் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். குட்டியைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்து, கண்ணைப் பார்ப்பார். பேரனை அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. பேரன் ஆட்டுக்குட்டி இல்லையே.

வேனில் இடம் நெருக்கமாக இருந்தது. சூசார் ஜன்னலோரம் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நெற்றியைக் குளிர்ந்த கண்ணாடியில் அழுத்தி, என்ஜின் சத்தத்தோடு சேர்ந்து ஒரே சுரத்தில் முனகிக்கொண்டு வந்தான். கியர் மாறினால் அவன் சுரமும் மாறியது. பெர்மெத் அதை ரசித்தாள். ஓட்டுநரைத் தவிர அந்த வண்டியை இவ்வளவு கவனமாகக் கேட்கிறவன் வேறு யாரும் இல்லை என்று நினைத்தாள்.

எதிர் இருக்கையில் தயிர் வாளியோடு இருந்த பெண் குனிந்து, "என்ன பேரு, ராஜா?" என்றாள்.

பையன் கண்ணாடியைப் பார்த்தான். பெர்மெத் சூசாரைப் பார்த்தாள். சூசார் பெர்மெத்தைப் பார்த்தாள்.

"பெரியவரு பேரு" என்றாள் சூசார் கடைசியில்.

அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்தது. சிரித்தாள். "அட, ரெண்டு பேராலயும் சொல்ல முடியாதா? எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான். பள்ளிக்கூடத்துல சேக்கற அன்னைக்குத்தான் அவன் பேரு அவனுக்கே தெரிஞ்சுது. ரெண்டு நாள் வாத்தியாரு வேற யாரையோ கூப்பிடறாருன்னு உக்காந்திருந்தான்."

வேன் முழுக்கச் சிரித்தது. சூசார் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துவிட்டு, 'கெலின்' என்று தான் அழைக்கும் மருமகளைப் பார்த்தாள். "கேட்டுக்க, கெலின். நான் சொன்னா நம்ப மாட்டே."

பெர்மெத்தும் சிரித்தாள். அந்தக் கதை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பையன் மூன்றாம் நாள் திரும்பியிருக்கிறான் அல்லவா.

மருத்துவமனையில் ஊசி போடும் அறையைத் தாண்டி பெர்மெத் நடந்தபோதுதான் சூசார் நின்றாள்.

"வரிசை இங்க இருக்கு."

"நமக்கு மேல் மாடி, அபா."

சூசார் படியேறினாள். மேல் மாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளை நிதானமாக, உதடு அசையப் படித்தாள். குழந்தை வளர்ச்சி, பேச்சு, நடத்தை என்று இருந்தது. படித்து முடித்ததும் பையனைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று பெர்மெத் பயந்தாள். சூசார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மருத்துவர் சினாராவுக்கு நாற்பது வயதிருக்கும். மேஜையை விட்டுவிட்டுத் தரைக் கம்பளத்தில், கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். பையன் அவரைக் கவனிக்காமல் பொம்மைக் கூடைக்குப் போய், ஒரு காரை எடுத்துக் கவிழ்த்து, ஒரு சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான்.

மருத்துவர் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கினார். பையன் சட்டென்று திரும்பினான்.

"பாத்தீங்களா? நல்லாக் கேக்குது" என்றாள் சூசார்.

"ஆமா, அபா. காது சரியா இருக்கு." எதையோ எழுதினார். "வேணுங்கறதைக் கை நீட்டிக் காட்டுவானா?"

"காட்டுவானே. கெலின் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டுப் போவான். அவ கையைத் தூக்கி அலமாரி மேல வெப்பான். ரொட்டி வேணும்னு அர்த்தம்."

"அவன் விரலால?"

சூசார் யோசித்தாள். "அவன் விரலை எதுக்கு நீட்டணும்? இவ கைதான் இருக்கே."

"என்ன விளையாடுவான்?"

"எலும்பு" என்றாள் பெர்மெத். "ஆட்டுக் கணுக்கால் எலும்பு. மத்த பிள்ளைங்க எறிஞ்சு அடிக்கும். இவன் வரிசையா அடுக்குவான். சுவர்லேருந்து சுவர் வரைக்கும். ஒண்ணு கோணினாலும் அழுவான்."

"ஒழுங்கு" என்றாள் சூசார். "பெரியவரும் அப்படித்தான். செருப்பு கோணலாக் கிடந்தா சாப்பிட உக்கார மாட்டாரு."

மருத்துவர் சிரித்தார். பிறகு அதே குரலில், "உங்களுக்குக் காட்டணும்னே எதையாவது கொண்டுவந்திருக்கானா? அவனுக்கு வேணும்னு இல்ல. பாரு, எவ்ளோ நல்லாருக்குன்னு. ஒரு கல்லு, ஒரு பூச்சி, வானத்துல ஏரோப்ளேன்" என்றார்.

"இல்ல" என்றாள் பெர்மெத்.

சூசார் பையனைப் பார்த்தாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் கொண்டுவந்த கற்களை அவள் நினைத்திருக்கலாம்.

மருத்துவர் அட்டையைப் பார்த்து, "எஸென்குல்" என்று கூப்பிட்டார்.

சூசாரின் தோள் துள்ளியது. பையன் சக்கரத்தைச் சுற்றினான்.

"எஸென்குல்."

"அந்தப் பேரு சொல்லாதீங்க, எங்க வீட்டுல யாரும் சொல்றதில்ல" என்றாள் சூசார் அவசரமாக. "அவனுக்குத் தெரியாது. பெரியவரு பேரு. நாங்க வேற மாதிரி கூப்பிடுவோம்."

"அப்ப நீங்க கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க. கை தட்டாம, தொடாம. குரல் மட்டும்."

"போதோம்" என்றாள் பெர்மெத். "போதோம்."

"அதாகே" என்றாள் சூசார். "அதாகே, இங்க பாரு. என் அதாகே."

சக்கரம் சுற்றி நின்றது. பையன் மறுபடி சுற்றிவிட்டான்.

"தப்பு எங்களோடது" என்றாள் சூசார். அவள் குரலில் இப்போது ஒரு வேகம் வந்திருந்தது. "ஒரு பேரையும் உருப்படியாக் குடுக்கல. இருக்கற பேரையும் மறைச்சு வெச்சுட்டோம். நீங்க கூப்பிட்டீங்க, வெளியாளு. வீட்டு ஆளு குரல்ல அவன் பேரை அவன் கேட்டதே இல்லையே. கேட்டிருந்தா திரும்பியிருப்பான். இதை வெச்சு நீங்க ஒண்ணும் எழுதக் கூடாது."

"சரி, அபா" என்றார் மருத்துவர். "வீட்டு ஆளு யாராவது கூப்பிடுங்க. நான் காத்திருக்கேன்."

கீழே ஊசி போடும் அறையில் ஏதோ குழந்தை அழுதது.

சூசார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடமாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. வரப்போவதும் இல்லை. அது பெர்மெத்துக்குத் தெரிந்தது. இந்த மனுஷி ஒத்துக்கொள்ளாமல் அந்த வீட்டில் பையனுக்காக எதுவும் நடக்காது என்பதும் தெரிந்தது.

கம்பளத்தில் மண்டியிட்டாள். மாமியாரைப் பார்க்கவில்லை.

"எஸென்குல்."

பெற்று இரண்டு வருடம் கழித்து மகனின் பெயரை முதல் தடவை சொல்கிறாள். அது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சொல் மாதிரி விறைப்பாக வந்தது.

பையன் திரும்பவில்லை.

"எஸென்குல்." இந்தத் தடவை தாலாட்டுகிற குரலில் சொன்னாள்.

சக்கரம் சுற்றியது.

மூன்றாம் தடவையும் கூப்பிட்டாள். பன்னிரண்டில் ஒன்பது என்று அவளுக்கு முன்பே தெரியும். வீட்டில் தான் ஒருத்திதான் உண்மையைப் பார்க்கிறவள் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். அப்படியில்லை. நாலு பெயர்க் கதையை அவளும் நம்பியிருந்தாள். சூசாரைவிட, மெதெரைவிட, வேனில் சிரித்தவர்களைவிட அதிகமாக. பெயரைச் சொல்லாமல் இருந்தவரை அந்த நம்பிக்கை மிச்சமிருந்தது.

பையன் எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், மணிக்கட்டைப் பிடித்து, அவள் கையைச் சக்கரத்தின் மேல் வைத்தான்.

அவள் சுற்றினாள். அவன் முனகினான், சந்தோஷமாக.

"சுத்தச் சொல்லிக் கேக்கறான், பாருங்க" என்றார் மருத்துவர் தாழ்ந்த குரலில். "நம்ம மாதிரி இல்ல. ஆனா உங்ககிட்டதான் கேக்கறான்."

பிறகு அவர் இருவரிடமும் பேசினார். ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். சந்தேகம் வலுவாக இருக்கிறது, முழுப் பரிசோதனை பிஷ்கெக்கில்தான் என்றார். நாயைப் பார்த்துப் பயந்து வருவதில்லை, தாய் செய்த தப்பால் வருவதில்லை, நாலு பெயரால் நிச்சயமாக வருவதில்லை என்றார். மூன்று வயது வரை பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன் என்றார். "இப்ப ஆரம்பிச்சா அவன் நம்ம பக்கம் வர்றதுக்கும், நாம அவன் பக்கம் போறதுக்கும் வழி கிடைக்கும். எவ்ளோ தூரம்னு இப்பச் சொல்ல முடியாது."

பிஷ்கெக்கில் ஏப்ரல் பதினான்காம் தேதி ஓர் இடம் இருந்தது. மூன்று வாரம், தாயோடு தங்க வேண்டும். திங்கள்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். தாளில் எழுதி நீட்டினார்.

பெர்மெத் கை நீட்டுவதற்குள் சூசார் வாங்கிக்கொண்டாள். நான்காக மடித்து மேலாடைப் பையில் வைத்தாள். பையனுக்குப் பொத்தான் மாட்டினாள். ஒரு துளை தள்ளி மாட்டினாள். அவிழ்த்து மறுபடி மாட்டினாள்.

"போலாம். வண்டி போயிரும்."

திரும்பும் வேனில் கூட்டமில்லை. பையன் சூசாரின் மடியில் தூங்கிவிட்டான். பாதி வழியில் அவள் ஆரம்பித்தாள்.

"ஊசின்னு சொன்னே."

"ஆமா, அபா."

"நான் வரலைன்னா இதையெல்லாம் ஒத்தையா உக்காந்து கேட்டிருப்பே."

"ஆமா."

அது திட்டா, வேறெதுவுமா என்று பெர்மெத்துக்குப் பிடிபடவில்லை. சூசார் தலைத்துணியின் நுனியை இழுத்துத் தூங்குகிற பையனின் காதை மூடினாள். வெளியே பனி அழுக்காக உருகிக்கொண்டிருந்தது.

மெதெர் வாசலிலேயே நின்றார். காலையிலிருந்து ஏழு குட்டி. முகத்தில் களைப்பும் திருப்தியும் இருந்தன.

"அழுதானா, கிழவன்?"

"அழலை" என்றாள் சூசார்.

"என்ன ஊசியாம்?"

"எழுதிக் குடுக்கல."

அவள் கை மேலாடைப் பையின் மேல் இருந்தது. பெர்மெத் அந்தக் கையைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றுகிறாளா, தாளைப் புதைக்கிறாளா? பெயரைச் சொன்னதை மறைக்க வேண்டுமானால் அந்த அறையையே மறைத்தாக வேண்டும். அறையை மறைத்தால் ஏப்ரல் பதினான்கும் அதோடு போய்விடும்.

சூசார் ஆடையைக் கழற்றாமலே பின்பக்கத் தொழுவத்துக்குப் போனாள். அது மாடு கறக்கும் நேரமில்லை. அங்கே அவள் வெகுநேரம் இருந்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பெர்மெத்தின் கைபேசி ஒலித்தது. திரையில் உலான், மஞ்சள் தலைக்கவசத்தோடு. பின்னால் பாதி எழுந்த கட்டடம், விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பாதிர் எங்க? காட்டு."

கைபேசியைத் திருப்பினாள். பையன் எலும்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "பாதிர். பாதிர், அப்பா பாரு" என்றது குரல். வரிசை ஓர் எலும்பு நீண்டது. அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அபா போன் பண்ணாங்க" என்றான் உலான்.

மாமியார் தொழுவத்திலிருந்துதான் பேசியிருக்கிறாள். சொல்லிவிட்டாள். இனி பெர்மெத் சொல்ல வேண்டியதில்லை.

"பெரியவரு பேரைச் சொன்னியாமே? வெளியாளு முன்னாடி, மூணு தடவை."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற என்ன சொல்லணும்? அதா காதுக்குப் போகாமப் பாத்துக்கன்னாங்க. அழுத மாதிரி இருந்துச்சு. ஏன் பெர்மெத் இப்படிப் பண்ணே?"

தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறையில் நடந்ததில் அந்த ஒரு சொல் மட்டும் எல்லை தாண்டி சைபீரியாவுக்குப் போயிருந்தது. சமையலறையில் சூசார் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. கொட்டகையில் மெதெர் புதுக் குட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் இத்தனை பேர் இருந்தார்கள்.

"திரும்புறானான்னு பாக்கத்தான் சொன்னேன்" என்றாள்.

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் திரைக்கு நெருங்கி வந்தான். மீசையில் பனி ஒட்டியிருந்தது. நடு முதுகில் அடி வாங்கியவன் மாதிரி குரல் சின்னதாக இருந்தது.

"திரும்புனானா?"

இவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து, தினமும் ஒரு வீரனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு.

"இல்ல" என்றாள். "மூணு தடவையும் இல்ல. ஒரு தாள் குடுத்திருக்காங்க. ஏப்ரல் பதினாலு பிஷ்கெக் போகணும். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். தாள் அபாகிட்ட இருக்கு. நீ சொன்னாத்தான் நான்…"

அவன் வாயைத் திறந்தான். அவன் பின்னால், கட்டடத்தின் மேலிருந்து, யாரோ இரைச்சலுக்கு நடுவே கத்தினார்கள்.

"உலான்."

அவன் முகம் திரையிலிருந்து சட்டென்று திரும்பியது. ஒரு காதும் தலைக்கவசத்தின் ஓரமும் மட்டும் தெரிந்தன. ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்.